ஃபுஜிவாரா நோ நகமாரோ எப்படி உயர்ந்தார், ஏன் எட்டே நாளில் வீழ்ந்தார்?

நாரா கால ஜப்பானில் அரச குலத்தில் பிறக்காமலே அரசின் மிக உயர்ந்த பதவியை எட்டியவர் ஃபுஜிவாரா நோ நகமாரோ. அவ்வளவு அதிகாரம் குவித்திருந்த ஒருவர் கி.பி. 764-இல் எட்டே நாளில் மனைவி மக்களோடு அழிந்தது எப்படி என்பதுதான் கேள்வி. பேராசை என்ற ஒற்றைச் சொல்லால் இதற்கு விடை சொல்லும் வழக்கம் ஜப்பானிலேயே நெடுங்காலம் இருந்தது. என் கருத்து வேறு. நகமாரோ செலுத்திய அதிகாரம் தொடக்கம் முதலே அவருடைய அத்தையான பேரரசி கோம்யோவுடையது. அத்தை உயிரோடு இருந்தவரை அது யாருடையது என்ற வேறுபாடு வெளியே தெரியவில்லை. அவர் மறைந்த பின்பு, பதவிகள் அனைத்தும் கையில் இருந்தும் அவற்றைத் தாங்கும் ஆள் இல்லாமல் போனது. அதே நூற்றாண்டில் சீனத்துக்குக் கல்வி கற்கச் சென்று அங்கேயே இறந்த கவிஞர் அபே நோ நகமாரோ வேறொருவர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இருவரையும் ஒருவராகக் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

நகமாரோ 706-இல் பிறந்தார். கொள்ளுத் தாத்தா கமதாரி, 645-ஆம் ஆண்டு அரண்மனைப் புரட்சியில் சோகா குலத்தின் ஆதிக்கத்தை முறியடித்தவர். ஃபுஜிவாரா என்ற குலப்பெயர் அவருக்குத்தான் முதலில் வழங்கப்பட்டது. தாத்தா ஃபுஹிதோ சட்டத் தொகுப்புகளை உருவாக்கியதோடு தன் மகள்களை அரசர்களுக்கு மணமுடித்து வைத்தவர். ஃபுஹிதோவின் நான்கு மகன்களிலிருந்து நான்கு கிளைகள் தோன்றின. மூத்தவரான முச்சிமாரோவின் கிளை தென்கிளை எனப்பட்டது. அவருடைய இரண்டாம் மகன் நகமாரோ. ஃபுஹிதோவின் மகளான கோம்யோ, பேரரசர் ஷோமுவை மணந்து, அரச குலத்தில் பிறக்காத பெண்ணுக்கு வழக்கத்தில் இல்லாத பட்டத்தரசி நிலையை 729-இல் பெற்றார். ஆகவே நகமாரோவுக்குப் பட்டத்தரசி அத்தை, பின்னாளில் அரியணை ஏறிய கோக்கென் அத்தை மகள். இந்த உறவுமுறையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவற்றில் பாதி தானே விளங்கிவிடும்.

797-இல் நிறைவுற்ற 'ஷோகு நிஹோங்கி' என்ற அரசு வரலாற்றேடு, நகமாரோ இறந்த இடத்தில் அவரைப் பற்றிச் சுருக்கமாக ஒரு குறிப்பு எழுதுகிறது. அவர் கூர்மதி உடையவர், நூல்களைப் பரவலாகப் படித்தவர், மூத்த அமைச்சர் அபே நோ சுகுனமாரோவிடம் கணிதம் கற்று அதில் சிறப்பான தேர்ச்சி பெற்றவர் என்கிறது அந்த ஏடு. வென்றவர்களின் வழிவந்த அரசவை தோற்றவரைப் பற்றி எழுதிய குறிப்பு அது. அதில்கூட இந்தப் பாராட்டு இடம்பெற்றிருப்பதால் இதை நம்பலாம் என்றே நினைக்கிறேன். ஒரு பிரபுவுக்குக் கணிதம் என்பது அந்நாளில் எதிர்பார்க்கப்பட்ட கல்வி அல்ல. பின்னாளில் வரி, நாணயம், தானியக் களஞ்சியம், கப்பல் கணக்கு என அவர் இட்ட ஆணைகளில் அந்தப் பயிற்சியின் தடம் தெரிகிறது.

அவருடைய உயர்வுக்கு வழி திறந்தது ஒரு கொள்ளைநோய். 735 முதல் 737 வரை பரவிய பெரியம்மை மேற்கே கியூஷுவிலிருந்து தலைநகர் வரை வந்து, 737-இல் முச்சிமாரோ உட்பட ஃபுஜிவாரா சகோதரர் நால்வரையும் சில மாத இடைவெளியில் கொண்டுபோனது. அரசவையின் மேல்தட்டு காலியானது. அந்த இடத்துக்கு வந்தவர் தாச்சிபானா நோ மொரோயே. கோம்யோவுக்கு இவர் ஒரே தாய் வயிற்றில் வேறு தந்தைக்குப் பிறந்த அண்ணன். சீனத்தில் கற்றுத் திரும்பிய துறவி கென்போவும் அறிஞர் கிபி நோ மாகிபியும் அவருக்குத் துணையாக இருந்தனர். இதைப் பொறுக்காத ஹிரோத்சுகு என்ற ஃபுஜிவாரா இளைஞர் 740-இல் கியூஷுவில் கலகம் செய்து கொல்லப்பட்டார். ஷோமு தலைநகரான ஹெய்ஜோவை, அதாவது இன்றைய நாராவை விட்டுப் புறப்பட்டு, குனி, ஷிகாரகி, நனிவா என்று ஐந்தாண்டுகள் இடம்மாறிக்கொண்டே இருந்து, 745-இல்தான் பழைய தலைநகருக்குத் திரும்பினார்.

அந்த அலைச்சலின்போது பேரரசருக்குக் காவலாகச் சென்ற குதிரைப்படையின் தலைவர்களுள் ஒருவராக நகமாரோ முதன்முதலாக முன்னே வருகிறார். 743-இல் ஆட்சி மன்ற உறுப்பினரானார். 745-இல் ஓமி மாகாணத்தின் ஆளுநர் பொறுப்பும் அவருக்கு வந்தது. பிவா ஏரியைச் சுற்றியுள்ள ஓமி, தலைநகரிலிருந்து கிழக்குக்கும் வடக்குக்கும் செல்லும் சாலைகள் கூடும் இடம். அவர் தாத்தா காலம் முதல் ஃபுஜிவாரா குடும்பத்துக்கு வேரூன்றிய நாடு. மேலே எத்தனை பதவிகள் ஏறினாலும் இந்த ஆளுநர் பொறுப்பை அவர் எளிதில் கைவிடவில்லை. 746-இல் அதிகாரிகளின் நியமனத்தையும் பதவி உயர்வையும் கவனிக்கும் அமைச்சின் தலைமையையும் பெற்றார். யாருக்கு எந்தப் பதவி என்று முடிவு செய்பவருக்குச் சில ஆண்டுகளில் எவ்வளவு பேர் கடன்பட்டவர்களாக ஆகிவிடுவார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

இடையில் 744-இல் ஷோமுவின் ஒரே மகனாக எஞ்சியிருந்த இளவரசர் அசாகா 17 வயதில் திடீரென இறந்தார். அவர் கோம்யோவின் பிள்ளை அல்லர். மொரோயே தரப்பினர் அவரிடம் நம்பிக்கை வைத்திருந்தனர். அவர் இறந்தபோது குனி தலைநகரின் காவல் பொறுப்பில் நகமாரோ இருந்தார் என்பதால், நஞ்சூட்டப்பட்டார் என்ற ஐயம் இன்றுவரை பேசப்படுகிறது. சான்று எதுவும் இல்லை. கால் நோயால் இறந்தார் என்றே ஏடு சொல்கிறது. நகமாரோவைக் கொலைகாரராகக் காட்ட விரும்புவோருக்கு இது வசதியான கதை, அவ்வளவுதான்.

உண்மையான திருப்பம் 749-இல் நிகழ்ந்தது. ஷோமு துறவு பூண்டு அரியணையை மகள் கோக்கெனுக்கு விட்டுக்கொடுத்தார். 718-இல் பிறந்த கோக்கென் 738-இலேயே முறைப்படி பட்டத்து வாரிசாக அறிவிக்கப்பட்டவர். ஜப்பான் வரலாற்றில் பெண் ஒருவர் அவ்வாறு அறிவிக்கப்பட்டது அந்த ஒரு முறைதான். அவர் அரியணை ஏறிய கையோடு, கோம்யோவின் வீட்டுக் காரியங்களைக் கவனித்துவந்த சிறிய அலுவலகம் 'ஷிபி சூதாய்' என்ற புதுப் பெயருடன் பெரிதாக்கப்பட்டது. சீனத்தை ஆண்ட தாங் அரசின் அமைச்சகப் பெயர்களைப் பார்த்து வைத்த பெயர் அது. தாய்ப் பேரரசியின் ஆணைகளை நடைமுறைப்படுத்துவது அதன் வேலை என்று சொல்லப்பட்டாலும், படைக் காவல் அலுவலகங்களின் தலைவர்களையும் ஆட்சி மன்ற உறுப்பினர்களையும் அதன் துணை அதிகாரிகளாகச் சேர்த்ததன் மூலம், சட்டப்படி நாட்டை ஆளவேண்டிய தாய்ஜோகான் என்ற உயர் ஆட்சி மன்றத்துக்குப் பக்கத்திலேயே இன்னோர் ஆட்சி மன்றம் எழுந்தது. அதன் தலைவர் நகமாரோ. தாய்ஜோகானில் இடது அமைச்சராக மொரோயேவும், வலது அமைச்சராக நகமாரோவின் சொந்த அண்ணன் தோயோநாரியும் அவருக்கு மேலே அமர்ந்திருந்தார்கள். முடிவுகள் மட்டும் அவர்களைச் சுற்றிக்கொண்டு கோம்யோவின் அரண்மனையிலிருந்து வந்தன. மூத்தவர்களை நீக்காமலே அவர்களைத் தேவையற்றவர்களாக ஆக்கிய இந்த ஏற்பாடு நகமாரோவின் மிகத் திறமையான அரசியல் படைப்பு என்று நான் மதிக்கிறேன். அதன் குறையும் அதிலேயே இருந்தது: அது ஒரு பெண்மணியின் வாழ்நாளோடு கட்டப்பட்ட அலுவலகம்.

752-இல் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் விழா நடந்தது. இந்தியாவிலிருந்து வந்திருந்த போதிசேனர் தூரிகையைப் பிடித்துக் கண்மணிகளை வரைய, தூரிகையோடு கட்டிய நூலை அரச குடும்பத்தினரும் மற்றவர்களும் பற்றிக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்குபெற்றனர். அன்று மாலை கோக்கென் தன் அரண்மனைக்குத் திரும்பாமல் நகமாரோவின் தமுரா மாளிகைக்குச் சென்று அதையே தங்குமிடமாகக் கொண்டார் என்று அரசு ஏடு பதிவு செய்கிறது. நகமாரோ கட்டிய மாளிகை ஒன்று கிழக்கிலும் மேற்கிலும் கோபுரம் எழுப்பி அரண்மனையை மேலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது என்றும், மக்கள் அதைக் கண்டு முகம் சுளித்தனர் என்றும் அதே ஏடு வேறோர் இடத்தில் சொல்கிறது.

756-ஆம் ஆண்டு மொரோயே, மதுவிருந்தில் தகாத பேச்சுப் பேசினார் என்ற புகாருக்குப் பின் பதவி விலகினார். சில மாதங்களில் ஷோமு இறந்தார். அவர் நினைவாகக் கோம்யோ அரும்பொருள்களைத் தோதாய்ஜிக்கு வழங்கியபோது எழுதப்பட்ட பட்டியல் இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கிறது. அதன் முடிவில் கையொப்பமிட்ட ஐவரில் முதல்வர் நகமாரோ. ஷோமு தன் இறுதி விருப்பமாக இளவரசர் ஃபுநாதோவைப் பட்டத்து வாரிசாக்கியிருந்தார். அடுத்த ஆண்டே, துக்க காலத்தில் ஒழுக்கம் தவறினார் என்று குற்றஞ்சாட்டி அவர் நீக்கப்பட்டார். புதிய வாரிசாக வந்தவர் இளவரசர் ஓய். 'நிஹோன் ஷோகி' வரலாற்றைத் தொகுக்கத் தலைமை தாங்கிய இளவரசர் தோனெரியின் மகன் என்பது அவருடைய வெளிப்படையான தகுதி. நகமாரோவின் இறந்துபோன மகன் மயோரியின் விதவையை அவர் மணந்து தமுரா மாளிகையிலேயே வாழ்ந்துவந்தார் என்பது உண்மையான தகுதி.

அந்த 757-ஆம் ஆண்டு கோடையில் மொரோயேவின் மகன் நாராமாரோ தீட்டிய சதி வெளிப்பட்டது. தமுரா மாளிகையை முற்றுகையிட்டு நகமாரோவைக் கொல்வது, பட்டத்து வாரிசை விரட்டுவது, தாய்ப் பேரரசியிடமிருந்து முத்திரையையும் அஞ்சல் மணிகளையும் பறிப்பது, கோக்கெனை இறக்கிவிட்டு நான்கு இளவரசர்களில் ஒருவரை அரியணையில் ஏற்றுவது என்பது திட்டம். அஞ்சல் மணி என்பதைச் சற்று விளக்க வேண்டும். மாகாணங்களுக்குச் செல்லும் அரசுத் தூதர்கள் சாலை நிலையங்களில் குதிரை பெறுவதற்குக் காட்டவேண்டிய அரச அடையாளம் அது. முத்திரை இருந்தால் ஆணை எழுதலாம். மணி இருந்தால் அதை நாடெங்கும் அனுப்பலாம். இரண்டும் இல்லாதவர் பேரரசராகவே இருந்தாலும் தலைநகருக்கு வெளியே ஒரு வீரனைக்கூட அசைக்க முடியாது. சதிகாரர்கள் அவை கோம்யோவிடம் இருக்கும் என்று எண்ணியதிலிருந்தே, ஆட்சி உண்மையில் எங்கே இருந்தது என்பது தெரிகிறது.

கோம்யோ முதலில் சந்தேகத்துக்கு உள்ளானவர்களை அழைத்து, என் நெருங்கிய உறவினரான நீங்கள் இப்படிச் செய்வீர்கள் என்று நம்ப மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மேலும் புகார் வரவே விசாரணை கடுமையானது. ஃபுநாதோ, இளவரசர் கிபுமி, தாங் நாட்டுக்குத் துணைத் தூதராகப் போய்வந்த ஓதோமோ நோ கோமாரோ ஆகியோர் விசாரணையில் அடிபட்டே இறந்தனர். நாராமாரோவின் வாக்குமூலத்தில் ஒரு பகுதி நினைவில் நிற்கிறது. தோதாய்ஜி கட்டும் பணியால் மக்கள் துன்புற்றனர், ஆட்சி நெறிகெட்டது என்று அவர் சொன்னபோது, அந்தக் கோயில் பணி உன் தந்தை காலத்தில்தானே தொடங்கியது என்று விசாரித்தவர் திருப்பிக் கேட்டார். நாராமாரோவிடம் பதில் இல்லை. இவ்வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களும் அவர்களோடு தொடர்பால் மாட்டிக்கொண்டவர்களுமாக 443 பேர் என்று பின்னாளில் மன்னிப்பு வழங்கியபோது எடுத்த கணக்கு சொல்கிறது. சதியைப் பற்றி அறிந்தும் சொல்லவில்லை என்று அண்ணன் தோயோநாரியும் கியூஷுவுக்குப் பதவியிறக்கி அனுப்பப்பட்டார்; அவர் உடல்நலமில்லை என்று வழியில் நனிவாவிலேயே தங்கிவிட்டார். கவிஞர் ஓதோமோ நோ யகமோச்சி தன் குலத்தார் பலர் அழிந்ததைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தார். 'மன்யோஷூ' தொகுப்பின் கடைசிக் கவிதை, அவர் 759 புத்தாண்டு நாளில் தொலைதூர இனாபா மாகாணத்தில் ஆளுநராக இருந்து பாடியதுதான். நகமாரோவின் கவிதைகளும் அதே தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. சதி அடங்கிய ஆண்டின் இறுதியில் அரண்மனை விருந்தில் பாடிய ஒன்றில், வானும் மண்ணும் உறுதி செய்த நாடு இது, பித்துச் செயல்களில் இறங்காதீர்கள் என்று கூடியிருந்தோரை எச்சரிக்கிறார்.

758-இல் கோக்கென் அரியணையை விட்டு இறங்க, இளவரசர் ஓய் பேரரசரானார். அவரை வரலாறு ஜுன்னின் என்று அழைக்கிறது. இந்தப் பெயரே 1870-இல்தான் அவருக்கு வழங்கப்பட்டது. புதிய பேரரசர் நகமாரோவுக்கு 'எமி நோ ஓஷிகாத்சு' என்ற பெயரையும், 3000 குடும்பங்களின் வரி வருவாயையும், 100 சோ (அந்நாளைய நில அளவு) நிலத்தையும் கொடுத்தார். அத்தோடு நாணயம் அச்சிடும் உரிமை, நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டி வாங்கும் உரிமை, அரசு ஆவணங்களில் எமி குடும்ப முத்திரையைப் பயன்படுத்தும் உரிமை ஆகியவையும் சேர்ந்தன. இந்தக் கடைசி மூன்றும் எந்தக் குடிமகனுக்கும் கொடுக்கக் கூடாதவை. நட்புள்ள வரலாற்றாசிரியரால்கூட இவற்றை நியாயப்படுத்த முடியாது. நகமாரோவைத் தன் தந்தையாகவே எண்ணுவதாக ஜுன்னின் அரசாணையில் அறிவித்தார். அரசுப் பதவிகளின் பெயர்கள் எல்லாம் சீனப் பாணிக்கு மாற்றப்பட்டன. 760 தொடக்கத்தில் நகமாரோ 'தாய்ஷி' ஆனார், அதாவது பழைய பெயரில் தலைமை அமைச்சர். அதுவரை அரச குலத்தவர் மட்டுமே உயிரோடு இருக்கையில் வகித்த பதவி அது.

அவர் ஆட்சியை வெறும் தன்னலம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு அவருடைய ஆணைகளே சாட்சி. தாத்தா ஃபுஹிதோ தொகுத்துவிட்டுக் கிடப்பில் இருந்த யோரோ சட்டத் தொகுப்பை 757-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மாகாண ஆளுநர்கள் உழவர்களிடம் ஆண்டுக்கு 60 நாள் வரை வாங்கிவந்த கட்டாய உழைப்பை 30 நாளாகக் குறைத்தார். முழு வரி செலுத்த வேண்டிய வயதை 21-இலிருந்து 22-ஆக உயர்த்தினார். கிழக்கு மாகாணங்களிலிருந்து கியூஷு கடற்கரைக் காவலுக்கு ஆட்களைப் பிடித்து அனுப்பும் வழக்கத்தை நிறுத்தி, அங்குள்ள ஏழு மாகாணங்களிலிருந்தே 1000 வீரர்களைத் திரட்டச் சொன்னார். வீடுதோறும் பெற்றோரிடம் 'பக்தியும் பணிவும்' போதிக்கும் கன்பூசிய நூல் ஒன்று இருக்கவேண்டும் என்று ஆணையிட்டார். மக்களின் குறைகளைக் கேட்டறிய 758-இல் மாகாணங்களுக்கு அதிகாரிகளை அனுப்பினார். விலை இறங்கும்போது நெல்லை வாங்கி, ஏறும்போது விற்று, விலையைச் சமன்செய்யும் களஞ்சியங்களை 759-இல் அமைத்தார். வரிப்பொருள் சுமந்து தலைநகருக்கு வந்து, ஊர் திரும்ப வழியின்றிப் பட்டினி கிடந்தவர்களுக்கு உதவுவதும் அவற்றின் நோக்கம். இவற்றில் கன்பூசிய நல்லரசர் வேடமும் இருந்தது, நாராமாரோ வழக்குக்குப் பின் மக்கள் மனத்தைத் தன் பக்கம் இழுக்கும் கணக்கும் இருந்தது. ஆனால் 30 நாள் உழைப்பு மிச்சமான உழவனுக்கு அந்த நோக்கம் பற்றிக் கவலை இருந்திருக்காது.

நாணயச் சீர்திருத்தம் அவ்வளவு நல்ல பெயர் பெறவில்லை. கள்ளக்காசு பெருகிவிட்டது என்ற காரணம் காட்டி 760-இல் புதுச் செப்புக் காசு வெளியிட்டு, ஒன்றுக்குப் பழைய காசு பத்து என்று மதிப்பு வைத்தார். அதற்குப் பத்து மடங்காக வெள்ளிக் காசும், அதற்கும் பத்து மடங்காகப் பொற்காசும் வந்தன. ஏறத்தாழ அதே எடையுள்ள செம்புக்குப் பத்து மடங்கு மதிப்பு என்பதால் இலாபம் அரசுக்கு, விலையேற்றம் மக்களுக்கு. குலப் பெருமையை எழுத்தில் நிறுத்தவும் அவர் மறக்கவில்லை. ஃபுஜிவாரா குல வரலாறு தொகுக்கப்பட்டபோது கமதாரியின் வரலாற்றை அவரே எழுதினார். வடகிழக்கில் எமிஷி மக்களின் எல்லையில் ஒகாச்சி, மொமோனோஃபு ஆகிய கோட்டைகளைக் கட்டும் பொறுப்பை மகன் அசகாரியிடம் ஒப்படைத்தார். இன்றைய மியாகி மாநிலத்தில் உள்ள தாகா கோட்டையின் கல்வெட்டு 762-ஆம் ஆண்டைக் குறிப்பிட்டு, கோட்டையைப் புதுப்பித்தவர் அசகாரி என்று கூறுகிறது.

வெளிநாட்டுக் கொள்கையில் அவருடைய பெரிய திட்டம் கொரியாவின் சில்லா நாட்டின் மீது படையெடுப்பது. சீனத்தில் 755-இல் ஆன் லுஷான் கலகம் வெடித்த செய்தி, சில்லாவுக்கு வடக்கே இருந்த பால்ஹே நாட்டுக்குப் போய்வந்த தூதர் வழியாக 758-இல் ஜப்பானை எட்டியது. தாங் பேரரசு தன் காயத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது, சில்லாவைப் பால்ஹேயுடன் சேர்ந்து தாக்கலாம் என்று நகமாரோ கணக்கிட்டார். 759-இல் மூன்றாண்டுக்குள் 500 கப்பல்கள் கட்ட ஆணை போனது: ஹொகுரிகு பகுதிக்கு 89, சான்இன் பகுதிக்கு 145, சான்யோ பகுதிக்கு 161, நான்காய் பகுதிக்கு 105. மினோ, முசாஷி ஆகிய மாகாணச் சிறுவர்களுக்குச் சில்லா மொழி கற்பிக்கவும் ஏற்பாடானது. போர் நடக்கவேயில்லை. பால்ஹேயின் ஆர்வம் தணிந்தது ஒரு காரணம். மற்றது, உள்நாட்டில் அவருடைய காலடி மண் சரியத் தொடங்கியிருந்தது.

760-ஆம் ஆண்டு கோடையில் கோம்யோ இறந்தார். தாய்ஷி பதவி கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை கோக்கென், தாயின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மகள். அதன்பின் அவர் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். ஷோமுவுக்கும் கோம்யோவுக்கும் பிறந்தவர்களில் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. ஜுன்னினோ பக்கக் கிளையிலிருந்து கொண்டுவரப்பட்டவர். ஹெய்ஜோ அரண்மனையில் பழுதுபார்ப்பு நடக்கிறது என்று 761-இல் அரசவை ஓமியில் உள்ள ஹோரா அரண்மனைக்குச் சென்றது; நகமாரோவின் சொந்த நாட்டில், அவர் விருப்பப்படி அமைந்த இடம். அங்கே கோக்கென் நோயுற்றார். யுகே குலத்தைச் சேர்ந்த தோக்யோ என்ற துறவி அவருக்கு மருத்துவம் பார்த்து, மிகுந்த நம்பிக்கைக்கு உரியவரானார். அந்த நெருக்கத்தைப் பற்றி ஜுன்னின் ஏதோ கண்டித்துப் பேச, கோக்கென் கடுஞ்சினம் கொண்டு 762-இல் ஹெய்ஜோ திரும்பி, அரண்மனைக்குள் போகாமல் ஹொக்கெஜி மடத்தில் தங்கித் துறவு பூண்டார். அடுத்த மாதம் அதிகாரிகளை அழைத்து ஓர் ஆணை வாசிக்கச் செய்தார்: வழக்கமான சடங்குகளையும் சிறு காரியங்களையும் பேரரசர் பார்த்துக்கொள்ளட்டும், அரசின் பெரிய காரியங்களையும் பரிசு தண்டனைகளையும் நானே செய்வேன். தோக்யோவுக்கும் கோக்கெனுக்கும் இடையிலான உறவு பற்றிப் பிற்காலத்தார் கட்டிய கதைகள் அந்தக் காலத்து ஆவணங்களுக்கு அப்பாற்பட்டவை. அரசியலைப் புரிந்துகொள்ள அவை தேவையும் இல்லை.

அதே 762-இல் நகமாரோவின் முதன்மை மனைவியும் இறந்தார். சித்தப்பா ஃபுசசாகியின் மகளான அந்த அம்மையார் அரண்மனைப் பெண் அதிகாரிகளின் தலைமையில் இருந்தவர். கோக்கெனுக்கும் தன் கணவருக்கும் இடையே பேச்சுவார்த்தைக்கு எஞ்சியிருந்த வழி அவர் ஒருவர்தான். நகமாரோ செய்த பதில் நடவடிக்கை, அவரைப் பற்றிய என் மதிப்பைக் குறைக்கும் ஒன்று. தன் மகன்கள் மூவரை ஆட்சி மன்றத்தில் உட்கார்த்தினார்; மற்ற மகன்களையும் மருமகன்களையும் மாகாண ஆளுநர்களாகவும் காவல்படைத் தலைவர்களாகவும் அனுப்பினார். கிழக்குச் சாலைகளின் தடைவாயில்களில் ஃபுவா இருந்த மினோவும், அராச்சிக்கு அப்பால் இருந்த எச்சிசென்னும் மகன்கள் கையில் இருந்தன. இராணுவக் கணக்குப்படி இது சரி. ஆனால் ஃபுஜிவாரா குலத்தின் மற்ற மூன்று கிளைகளும் தங்களுக்கு இனி இடமில்லை என்று முடிவு செய்ய இதுவே போதுமானதாக இருந்தது. அவற்றுள் ஷிகி கிளையைச் சேர்ந்த, பின்னாளில் யோஷித்சுகு எனப் பெயர் மாற்றிக்கொண்டவர் அவரைக் கொல்லத் திட்டமிட்டுப் பிடிபட்டார். கவிஞர் யகமோச்சியும் அதில் சேர்ந்திருந்ததாகக் குற்றச்சாட்டு இருந்தது. யோஷித்சுகு எல்லாப் பழியையும் தானே ஏற்று மற்றவர்களைக் காப்பாற்றினார்.

764-ஆம் ஆண்டு ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் நகமாரோ, தலைநகர்ப் பகுதிக்கும் மூன்று தடைவாயில்களுக்கும் ஓமி முதலிய மாகாணங்களுக்கும் படைத்துறைத் தலைவர் என்ற பதவியைப் பெற்றார். மாகாணத்துக்கு 20 வீரர் வீதம் ஐந்து நாள் பயிற்சிக்கு வரவழைக்கலாம் என்பது அனுமதி. அவர் அந்த எண்ணிக்கையைக் கூட்டி எழுதி அரசு முத்திரையிட்டு அனுப்பச் செய்தார். ஆணையை எழுதவேண்டிய எழுத்தர் தகாஓகா நோ ஹிராமாரோ பயந்துபோய் கோக்கெனிடம் சொல்லிவிட்டார். இளவரசர் வாகேயும் நகமாரோவுக்கு நாள் பார்த்துச் சொன்ன சோதிடர் ஓத்சு நோ ஓஉராவும் தனித்தனியே தகவல் கொடுத்தனர்.

பதினொன்றாம் நாள் கோக்கென் முந்திக்கொண்டார். ஜுன்னினின் அரண்மனையிலிருந்த முத்திரையையும் அஞ்சல் மணிகளையும் எடுத்துவர ஓர் அதிகாரியை அனுப்பினார். நகமாரோவின் மகன் குசுமாரோ வழிமறித்து அவற்றைப் பறித்தார். கோக்கென் உடனே சகனோவே நோ கரிதமாரோவையும் ஒஜிகா நோ ஷிமதாரியையும் அனுப்ப, அவர்கள் குசுமாரோவை அம்பெய்து கொன்றனர். நகமாரோ மீண்டும் ஆளனுப்பினார், அவரும் வீழ்ந்தார். முத்திரையும் மணிகளும் கோக்கெனிடம் போய்ச் சேர்ந்தன. அன்றே நகமாரோவின் பதவிகளும் ஃபுஜிவாரா என்ற குலப்பெயரும் பறிக்கப்பட்டு, தடைவாயில்களை மூட ஆணை பறந்தது. தோதாய்ஜிக்கு வழங்கியிருந்த ஆயுதங்கள் ஷோசோயினிலிருந்து வெளியே எடுக்கப்பட்டன. நகமாரோ கையொப்பமிட்ட பட்டியலில் இருந்த ஆயுதங்கள் அவை.

அன்றிரவு நகமாரோ ஊஜி வழியாக ஓமிக்குத் தப்பினார். இங்குதான் அவருடைய பெரும் பிழை: ஜுன்னினைத் தன்னோடு அழைத்துச் செல்லவில்லை, அல்லது அழைத்துச் செல்ல முடியவில்லை. பேரரசர் உடன் இருந்திருந்தால் இது இரண்டு அரசவைகளுக்கு இடையிலான போராகியிருக்கும். இல்லாததால் அவர் வெறும் கலகக்காரர். கோக்கென் பக்கம் போர்த்திட்டம் வகுத்தவர் கிபி நோ மாகிபி. நகமாரோவால் பல ஆண்டுகள் தலைநகரை விட்டு ஒதுக்கப்பட்டிருந்து, அந்த ஆண்டுதான் திரும்பியிருந்த எழுபது வயதுக் கிழவர். தாங் நாட்டில் அவர் படித்துவந்தவற்றில் போர்க்கலையும் ஒன்று. அவர் அனுப்பிய படை தவாரா குறுக்கு வழியாக முன்னே ஓடி, பிவா ஏரியின் நீர் வெளியேறும் இடத்திலிருந்த சேதா பாலத்தை எரித்துவிட்டது. ஓமியின் மாகாணத் தலைமையிடம் பாலத்துக்கு அப்பால் இருந்தது. அதைக் கண்டு நகமாரோவின் முகம் வெளிறியது என்று எழுதுகிறது ஏடு.

அவர் ஏரியின் மேற்குக் கரை வழியே வடக்கே தகாஷிமாவுக்குப் போனார். மகன் ஷிகாச்சி ஆளுநராக இருந்த எச்சிசென்னை அடைவது நோக்கம். ஆனால் சாஎகி நோ இதாச்சி கிழக்கு வழியாக முன்பே அங்கே போய் ஷிகாச்சியைக் கொன்றுவிட்டிருந்தார். அது தெரியாமல் நகமாரோ, உடன் வந்த இளவரசர் ஷியோயாகியைப் பேரரசராக அறிவித்து, தன் மகன்களுக்கு இளவரசர்களுக்குரிய தகுதியை வழங்கினார். அராச்சி வாயிலுக்கு அனுப்பிய படை துரத்தப்பட்டது. படகில் ஏரியைக் கடக்க முயன்றால் எதிர்க்காற்று கவிழ்க்கப் பார்த்தது. மலைவழியில் போனால் மீண்டும் தடுக்கப்பட்டனர். திரும்பி மியோவில் நின்று நடுப்பகலிலிருந்து மாலைவரை போரிட்டார்கள். புதிய படையோடு ஃபுஜிவாரா நோ குராஜிமாரோ வந்துசேர்ந்ததும் எல்லாம் முடிந்தது. வந்தவரும் யோஷித்சுகுவின் தம்பிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். பதினெட்டாம் நாள், படகில் தப்பிய நகமாரோவை இஷிமுரா நோ இவாதாதே என்ற வீரர் பிடித்துத் தலையைத் துண்டித்தார். மனைவி மக்களும் உடன் இருந்தோருமாக 34 பேர் ஏரிக்கரையில் வெட்டப்பட்டனர். இளவயதிலிருந்தே துறவு நெறியைப் பயின்றவர் என்பதற்காக ஒரு மகன் மட்டும் உயிர் தப்பி ஓகி தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

அடுத்த மாதம் ஜுன்னினின் அரண்மனையைப் படைவீரர் சூழ்ந்தனர். உடை உடுத்தி முடிக்கக்கூட நேரம் தராமல், தாயோடும் சில பணியாளரோடும் நடத்தியே வெளியே கொண்டுவந்து, பதவிநீக்க ஆணையை வாசித்தார்கள். அரசனை அடிமையாக்குவதும் அடிமையை அரசனாக்குவதும் உன் விருப்பம் என்று தந்தை ஷோமு தனக்குச் சொல்லியிருந்ததாகக் கோக்கென் அந்த ஆணையில் கூறுகிறார். ஜுன்னின் அவாஜி தீவில் அடுத்த ஆண்டு இறந்தார். கோக்கென் மீண்டும் அரியணை ஏறி ஷோதோகு என்று அறியப்பட்டார். தோக்யோவுக்குத் தலைமை அமைச்சருக்கு இணையான தகுதி கிடைத்தது. போரில் இறந்தோரின் பாவம் நீங்கவும் நாடு அமைதி பெறவும் வேண்டி, அச்சிட்ட மந்திரச் சுருள் வைத்த பத்து இலட்சம் சிறு மரக் கோபுரங்கள் செய்யப்பட்டு 770-இல் கோயில்களுக்குப் பகிரப்பட்டன. உலகில் காலம் அறியப்பட்ட மிகப் பழைய அச்சுகளில் அவையும் அடங்கும்.

இந்நிகழ்ச்சியை 'எமி நோ ஓஷிகாத்சு கலகம்' என்று அழைப்பது வழக்கம். முதல் அடியை எடுத்து வைத்தவர் கோக்கென் என்பதையும், அன்று சட்டப்படி பேரரசராக இருந்தவர் ஜுன்னின் என்பதையும் பார்த்தால், இதைக் கோக்கெனின் அரண்மனைப் புரட்சி என்று சொல்லும் ஆய்வாளர்கள் பக்கமே நான் சாய்கிறேன். நகமாரோ ஆயுதம் திரட்டிக்கொண்டிருந்தார் என்பதில் ஐயமில்லை, ஆனால் அதற்குமுன் இரண்டாண்டுகளாக இருதரப்பும் அதையே செய்துகொண்டிருந்தன. சீனப் பாணிப் பதவிப்பெயர்கள் அதே ஆண்டில் நீக்கப்பட்டன. தோயோநாரி மீண்டும் வலது அமைச்சரானார். கட்டாய உழைப்பும் பழையபடி 60 நாளானது. அதை மறுபடியும் 30 நாளாகக் குறைத்தவர் பேரரசர் கன்மு, 795-இல். நகமாரோவைக் கலகக்காரர் என்று பதிவு செய்த வரலாற்றேடு கன்முவின் அரசவையில்தான் இரண்டாண்டு கழித்து நிறைவுற்றது.